ஆறாம் பக்கத்தில் ஒரு சொல்

தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் பால்கடைக்கும் நடுவில் என் மேசை.
லைசென்ஸில் ஆ. மரியபுஷ்பம், பத்திர எழுத்தர்.
பதினொரு வருஷமாக முடக்குவாதம்.
காலையில் என்னோடு சேர்ந்து விரல்கள் எழுவதில்லை.
பேனா மூடியைப் பல்லால் திறக்கிறேன்.
ஞாயிறு ராத்திரி மாத்திரை, திங்கள் முழுக்கக் குமட்டல்;
திங்களன்று கிரையம் வைக்க வருகிறவர்கள்
என் முகத்தைப் பார்த்து
சொத்தில் ஏதோ வில்லங்கம் என்று பயப்படுகிறார்கள்.

டாக்டர் உமையாள் ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.
மதுரையில் புதுச் சிகிச்சை, சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள்,
இது சம்மதப் படிவம்.
"இந்தத் தமிழ் ஒருத்தருக்கும் புரியல.
நீங்க திருத்திக் குடுங்க.
முடிஞ்சா நீங்களும் கையெழுத்துப் போடலாம்."

படித்தேன்.
நோய் செய்யும் எழுத்தையெல்லாம் சுரண்டி எடுத்த ஒரு வைரஸ்,
வெறும் உறை.
உள்ளே ஒரு மரபணு,
மூட்டுக் குருத்தெலும்பின் புரதத்தைச் செய்யும் குறிப்பு.
ஊசி வழியே அது கல்லீரலுக்குப் போகும்.
கல்லீரல் சண்டை பிடிக்காத ஊராம்;
சோற்றோடு வரும் ஆயிரம் அந்நியத்தையும்
உட்காரவைத்தே பழக்கமாம்.
அங்கே வைத்துக் காட்டினால்
காவல் அணுக்களில் சில, அட, இது நம்மது என்று
மற்றவற்றின் கையைப் பிடித்து நிறுத்துமாம்.
எலிகளுக்கு நின்றது.
வீங்கிய பாதம் வற்றிச் சக்கரத்தில் ஏறி ஓடின.
மனிதர் இனிமேல்தான்.

எனக்குத் தெரிந்த வழக்குதான்.
போன ஆனியில் ஒரு வளவு வீடு, ஏழு பங்கு.
மூன்றாம் பங்குக்காரர்
பங்காளி நனையட்டும் என்று
முற்றத்து நீர் போகும் வழியைச் சிமெண்டால் அடைத்தார்.
ஐப்பசியில் விழுந்தது அவர் சுவர்.
விழுந்த சுவரையும் அவன் பக்கத்து ஈரம் என்று
இன்னொரு கேஸ் போட்டார்.

ஆறாம் பக்கத்தில் இடறியது:
'நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை'.
அடித்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன்.
சகிப்பு எனக்குத் தெரியும், டாக்டர்.
குடம் தூக்கும்போது கடிக்கிற பல் அது.
முட்டி போட முடியாமல்
நின்றபடியே ஃபாதரிடம் சொன்ன பாவங்கள் அது.
சகிக்கிறவன்
எதிரே இருப்பவன் எதிரி என்று இன்னும் நம்புகிறான்.
"அப்ப வேற என்ன போடுவீங்க?"
விடுதலைப் பத்திரத்தின் வாசகம் ஒன்று இருக்கிறது,
'இனி எனக்கு யாதொரு பின்தொடர்ச்சியும் இல்லை'.
ஆனால் காவலே விலகிவிட்டால் காய்ச்சலை யார் பார்ப்பது?
என் மாத்திரை அதைத்தான் செய்கிறது.
மூன்று நாள் கழித்து எழுதினேன்:
உறவறிதல்.

'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி
சுயபுத்தியுடனும் முழு மனதுடனும்'
அந்த வரியில் கை வைக்கவில்லை.
இருபது வருஷமாக நிலம் விற்கிறவர்களுக்கு
நான் எழுதித் தருவது.

என் ரத்தம் மதுரைக்குப் போய் வந்தது.
தகுதியில்லை.
அந்த வைரஸை என் உடம்பு ஏற்கெனவே பார்த்திருக்கிறதாம்,
ஏதோ ஒரு சளி, ஞாபகமில்லாத மழைக்காலம்.
ஊசி போட்டாலும் வாசலிலேயே மடக்கிவிடும்.
சொந்த எலும்பை அடையாளம் தெரியாத உடம்பு
அந்தச் சளியை மட்டும் மறக்கவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

கமிட்டியும் என் சொல்லை ஒத்துக்கொள்ளவில்லை.
எல்லா இடத்திலும் பழையபடி சகிப்புத்தன்மை.
பதினேழாம் பக்கத்தில் ஒன்றை மட்டும் தவறவிட்டிருந்தார்கள்.

கல்லல் டெய்லர் ஒச்சப்பன்
படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார்.
முழுதும் வாசித்துக் காட்டினேன்.
பதினேழாம் பக்கத்தில்
"இது மட்டும் நம்ம பேச்சு மாதிரி இருக்கே" என்றார்.
பேனா அவர் விரலில் நிற்கவில்லை.
சரி, ரேகை என்று
அவர் இடது பெருவிரலை மையில் ஒற்றி
என் கையால் பிடித்துத் தாளில் அமுக்கினேன்.
இரண்டு பேருக்கும் வலித்தது.
கீழே, சாட்சி என்ற இடத்தில்,
மெதுவாக, என் பெயர்.